ஜார்ஜ் டவுன்: ஒரு சாலையின் இரு புறமும் இரு பேட்டைகள் அமைந்தது எப்படி?

பேட்டைவாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்துப் பழைய பத்திரங்கள் சிலவற்றை அண்மையில் எடுத்துப் படிக்க நேர்ந்தது. தந்தைவழி வீடு தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அந்தப் பத்திரம் இடத்தை ‘முத்தியால்பேட்டை’ என்று குறிக்கிறது. தாய்வழி வீடு கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் இருந்தது. அதன் பத்திரத்திலோ ‘பெத்தநாயக்கன்பேட்டை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வீடுகளுக்கும் இடையே நடந்தால் கால் மணி நேரம் கூட ஆகாது. இருப்பினும் என் பாட்டி பிறந்த வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் ‘அக்கரைக்குப் போய்வருகிறேன்’ என்றுதான் சொல்வார். நடுவில் இருந்தது பிராட்வே என்ற சாலை மட்டுமே. ஆறு இல்லாத இடத்தில் அக்கரை எப்படி வந்தது என்று சிறுவயதில் நாங்கள் அவரைக் கேலி செய்திருக்கிறோம்.

இப்போது அதே கேள்வியைப் பொறுப்போடு கேட்கத் தோன்றுகிறது. இன்று எல்லாரும் ஜார்ஜ் டவுன் என்றோ பாரிமுனை என்றோ ஒரே பெயரால் அழைக்கும் பகுதி, உண்மையில் இரண்டு தனித்தனி ஊர்களாக இருந்ததா? ‘கருப்பர் நகரமே பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று’ என்று பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அவ்வாறாயின் இந்தப் பேட்டைகள் எங்கிருந்து வந்தன? மேலும், ஒவ்வொரு தெருவிலும் ஒரே சாதியாரோ ஒரே தொழிலாரோ கூட்டமாக இருந்தார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அது யாரேனும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடா, தானாக அமைந்ததா? அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டவன் ஆவேன்.

நிலஅளவையர் எழுதியது:

நீங்கள் படித்த கட்டுரைகள் கூறுவது பாதி உண்மை. ஜார்ஜ் டவுன் என்று இன்று நாம் சுட்டும் இடத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கருப்பர் நகரம் என்ற பெயர் வழங்கியது மெய்தான். ஆனால் அந்தப் பெயரை முதலில் தாங்கிய ஊர் வேறொன்று. அது இப்போது இல்லை. அந்த ஊர் இருந்த நிலத்தில்தான் உயர்நீதிமன்ற வளாகம் நிற்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639இல் இப்பகுதியை ஆண்டுவந்த தாமர்ல நாயக்கர்கள் இந்தக் கடற்கரைத் துண்டை அளித்தபோது, கம்பெனிக்காரர்கள் தேடி வந்தது துணி. ஆகவே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கிய 1640ஆம் ஆண்டிலிருந்தே, நெசவாளர், துணி வெளுப்போர், சாயமிடுவோர், துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள், தரகர்கள் ஆகியோரை அழைத்துக் கோட்டையின் வடபுறச் சுவரை ஒட்டியே குடியமர்த்தினார்கள். கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம். வடக்கே நம்மவர் வாழ்ந்த பகுதி கருப்பர் நகரம். அதன் நடுவில்தான் சென்னக்கேசவப் பெருமாள் கோயில் இருந்தது. அந்த ஊருக்கும் வெளியே, வடக்கிலும் வடமேற்கிலும் தோட்டங்களுக்கு இடையே வளர்ந்த புறநகர்க் குடியிருப்புகளே முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும். பெத்தநாயக்கன் என்பது ஊர்க்காவல் பொறுப்பைப் பரம்பரையாக ஏற்றிருந்த தலையாரியின் பட்டம். ‘பெத்த’ என்பது பெரிய என்னும் பொருள் தரும் தெலுங்குச் சொல். முத்தியால்பேட்டையின் பெயரை முத்து வணிகத்தோடு இணைத்துச் சொல்வது மக்கள் வழக்கு.

அந்த முதல் ஊரை அழித்தது போர். 1746இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றி 1749 வரை வைத்திருந்தார்கள். அந்த மூன்று ஆண்டுகளில், கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளில் ஒரு பகுதியைத் தங்கள் பாதுகாப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் அந்த வீடுகளைக் கட்டித் தரவில்லை என்பதோடு, எஞ்சியிருந்ததையும் தாமே இடித்தார்கள். சுவருக்கு அருகே வீடுகள் இருந்தால் முற்றுகையிட வருபவன் அவற்றில் மறைந்து நின்று சுடுவான், கோட்டைப் பீரங்கிக்கும் எதிரே வெட்டவெளி வேண்டும் என்பது அவர்கள் கண்ட பாடம். சென்னக்கேசவப் பெருமாள் கோயில் 1757இல் அகற்றப்பட்டது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து பேட்டைகளில் தங்கிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, இடித்தது சரியே என்று கம்பெனியார் முடிவாக நம்பிவிட்டார்கள்.

கோயிலுக்கு ஈடாகக் கொடுத்த நிலத்திலும் பணத்திலும், மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் 1760களில் எழுந்தவையே பூக்கடை அருகே இன்று அடுத்தடுத்து நிற்கும் சென்னக்கேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் ஆலயங்கள். மக்கள் அவற்றைப் பட்டணம் கோயில் என்று அழைப்பதில், இழந்த ஊரின் நினைவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இடம்பெயர்ந்த மக்கள் பேட்டைகளில் குடியேற, பெயரும் அவர்களோடு கூடவே வந்து சேர்ந்தது. பழைய நிலத்தில் மறுபடியும் யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்பதற்காக 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள்; அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து பேருந்துக்கு ஓடுகிறார்கள். நின்று பார்த்தவரை நான் கண்டதில்லை. ஜார்ஜ் டவுன் என்ற பெயரோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ஜார்ஜை முன்னிட்டு இடப்பட்ட மிகப் பிந்திய பெயர். அதனால்தான் உங்கள் பத்திரங்களில் பேட்டைப் பெயர்களே ஊன்றி நிற்கின்றன.

இனி அக்கரை. பாட்டியைக் கேலி செய்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம். இரு பேட்டைகளுக்கும் நடுவே உண்மையாகவே ஒரு பள்ளமும், அதன் வழியே வடிகால் ஓடையும் இருந்தன. மழைக்காலத்தில் அது சேறும் கழிவுநீருமாகக் கிடந்தது. ஸ்டீபன் பாபம் என்ற ஆங்கில வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தைத் தம் சொத்தாக்கி, நீரை வடித்து, மேடாக்கி, 1780களில் அகன்ற சாலை அமைத்தார். ஊரில் வேறெங்கும் அத்தகைய அகலம் இல்லாததால் அது ‘பாபம்ஸ் பிராட்வே’ ஆயிற்று; இன்று பிரகாசம் சாலை. எல்லைக்கோடாக இருந்த ஓடை இவ்வாறு கடைத்தெருவாகியது. ஓடை மறைந்து 200 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சொல் ஒரு குடும்பத்தின் வாயில் நிலைத்ததா, அன்றிப் பிராட்வேயின் வண்டி நெரிசலைக் கடக்கும் சிரமத்தைத்தான் பாட்டி அப்படிச் சொன்னாரா என்பதை நான் தீர்ப்பிட முடியாது. இருந்தாலும் முதலாவதை நம்பவே ஆசைப்படுகிறேன்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

நிலஅளவையர் ஐயா நிலத்தை விளக்கினார். நான் அதில் குடியிருந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். இரு பேட்டைகளையும் பிரித்தது ஓடை மட்டும் அன்று. அக்காலத்துச் சமூகம் வலங்கை, இடங்கை என்று இரு பெரும் அணிகளாகப் பிரிந்திருந்தது. சென்னையில் கோமட்டிச் செட்டியார்களும் வேளாளர் முதலியோரும் வலங்கை. பேரிச் செட்டியார்களும், விசுவகர்மர் எனப்படும் கம்மாளரும் இடங்கை. இன்னார் இன்ன தெரு வழியாகத்தான் திருமண ஊர்வலமோ பிண ஊர்வலமோ கொண்டுபோகலாம், இன்னார் இன்ன கொடியைப் பிடிக்கலாம் என்பவை அந்நாளில் உயிரைக் கொடுத்துக் காக்கும் உரிமைகளாக இருந்தன. கோட்டை எழுந்து 12 ஆண்டுகளிலேயே, 1652இல், இந்தப் பூசல் வெடித்து, எந்தெந்தத் தெருக்கள் யாருக்கு என்று கம்பெனியார் நடுவிருந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று.

பெரிய பூசல் 1707இல் மூண்டது. திருமண ஊர்வலம் ஒன்று மற்ற அணியாரின் தெருவில் சென்றதிலிருந்து அது தொடங்கியது. அப்போது ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். அவர் எடுத்த முடிவுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை: பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு என்று ஒதுக்கினார். அதில் மனநிறைவு கொள்ளாத வலங்கையார் வேலையை நிறுத்திச் சாந்தோமுக்குக் கூட்டமாகக் குடிபெயர்ந்தார்கள். படகோட்டிகளும் வெளுப்போரும் போய்விட்டால் கப்பலில் சரக்கு ஏறாது. கம்பெனியார் இறங்கிவந்து பேச்சு நடத்தியே அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. ஆள்பவரை வழிக்குக் கொண்டுவர ஊரைக் காலிசெய்து போவது நம் நாட்டின் பழைய உத்தி. வணிகம் செய்ய வந்தவர்களிடம் அது இன்னும் கூர்மையாக வேலை செய்தது.

ஆகவே, தெருவுக்கு ஒரு கூட்டம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது முழுவதும் கற்பனை அன்று. ஆணையாகவே அது இருந்திருக்கிறது. கோயில்களைப் பாருங்கள். முத்தியால்பேட்டையில், தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் காளிகாம்பாள் கோயில் விசுவகர்ம சமூகத்தாரின் பொறுப்பில் உள்ளது. அர்மேனியன் தெருவிலுள்ள கச்சாலீசுவரர் கோயில் பேரிச் செட்டியார்களோடு தொடர்புடையது. இரண்டும் இடங்கை. பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் வந்தால், கொத்தவால் சாவடிச் சந்தை கோமட்டிச் செட்டியார்களின் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்தைச் சார்ந்தது, அது வலங்கை.

ஆனால் இந்தப் படத்தை அப்படியே சுவரில் மாட்டிவிடக் கூடாது. இராசப்ப செட்டித் தெருவிலுள்ள கந்தகோட்டம் பிராட்வேக்கு மேற்கே, அதாவது வலங்கைக்கு ஒதுக்கியதாகச் சொல்லப்படும் பேட்டையில் இருக்கிறது. அதைக் காலங்காலமாகப் பேணி வருபவர்களோ பேரிச் செட்டியார்கள். பக்கத்து ஏழுகிணறுப் பகுதியில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில், இளமையில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் நடந்துவந்து பாடிய சன்னதியும் அதுவே. பிட் துரை கோடு கிழித்தார். மக்கள் அதைத் தமக்கு வேண்டியபோது மதித்தார்கள், வேண்டாதபோது மிதித்தார்கள். தெரு முழுவதும் ஒரே சாதி என்பது எந்தக் காலத்திலும் முழு உண்மையாக இருந்ததாக நான் கருதவில்லை. முதலாளி ஒரு சாதியாராக இருந்தாலும், கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்கியவரும் தண்ணீர் சுமந்தவரும் அதே தெருவின் பின்கட்டிலும் திண்ணையிலும் படுத்து உறங்கியவர்களே. பத்திரங்களிலும் தெருப்பெயர்களிலும் அவர்களுக்கு இடமில்லை என்பதால் அவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை.

கோடவுன்காரர் எழுதியது:

பெரியவர்கள் இருவரும் 18ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டார்கள். மூன்று தலைமுறையாகக் கோடவுன் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், பிந்திய அடுக்குகளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊரில் தெருவின் பெயர் ஒரு காலத்தையும், அதில் உள்ள கடை இன்னொரு காலத்தையும், மாடியில் குடியிருப்பவர் மூன்றாவது காலத்தையும் காட்டுவார்கள்.

பவளக்காரத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக் கடலின் பவளத்தை இங்கே கொண்டுவந்து விற்று, கோல்கொண்டாவின் வைரத்தை வாங்கி இலண்டனுக்கு அனுப்பிய யூத வணிகர்களின் தொழிலால் அந்தப் பெயர் வந்தது. போர்ச்சுகல் வழிவந்த குடும்பங்கள் அவை. அவர்கள் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தார்கள் என்பதற்குச் சென்னை மாநகராட்சியே சான்று: 1688இல் மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அமர்த்தப்பட்ட 12 ஆல்டர்மன்களில், அதாவது நகர மன்றத்து மூத்த உறுப்பினர்களில், மூவர் யூதர், மூவர் இந்துக்கள். அந்த இந்துக்களில் ஒருவரான ஆலங்காத்தா பிள்ளைதான் தங்கசாலைத் தெருவிலுள்ள ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியவர். வைர வணிகம் தேய்ந்தபின் யூதர்கள் போய்விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தார்கள், கப்பலேறும் துறைக்கு அருகில் இருந்த அதே தெருவில் வீடுகளும் விடுதிகளும் அமைத்தார்கள். பவளமும் இல்லை, பவளக்காரரும் இல்லை. பெயர் மட்டும் இன்னும் பவளமாக இருக்கிறது.

அர்மேனியன் தெருவின் கதையும் அதுவே. 1772இல் கட்டப்பட்ட அர்மேனியத் தேவாலயமும் அதன் மணிக்கூண்டும் நிற்கின்றன. வழிபட அர்மேனியர் இல்லை. உலகின் முதல் அர்மேனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது இந்தச் சென்னையில்தான்; அதை நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியார் அந்தத் தேவாலய வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை நீங்கள் காணும் பெருங்கூட்டம் சற்றுத் தள்ளியிருக்கும் கத்தோலிக்கப் பேராலயத்தில் புனித அந்தோணியாரை வேண்டவரும் எல்லா மதத்தாருடைய கூட்டம்.

மண்ணடியில் தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்களும், அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மஃமூர் பள்ளிவாசலும்; சௌகார்பேட்டையில் குஜராத்தியரும் மார்வாடியரும், தங்கசாலைத் தெருவில் அவர்களுடைய சமண ஆலயங்களும். சௌகார் என்பது கடன் கொடுக்கும் பெருவணிகரைக் குறிக்கும் சொல். தங்கசாலை என்று பெயர் தந்த நாணயச்சாலை 1840களின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் வடகோடியில் இயங்கத் தொடங்கி, 1869இல் மூடப்பட்டு, பிறகு அரசு அச்சகம் ஆனது.

ஒரே சரக்கு ஒரே தெருவில் குவிந்ததற்குச் சாதி ஒரு காரணம்தான். பெரிய காரணம் கடனும் தரகும். வெளியூரிலிருந்து வரும் சில்லறை வணிகர் ஒரே நாளில் பத்துக் கடை ஏறி விலை கேட்டு, தரகர் மூலம் சரக்கைப் பேசி முடித்து, மாலை இரயிலைப் பிடிக்க வேண்டும். கடைகள் சிதறிக் கிடந்தால் அது நடக்காது. விற்பவருக்கும், இன்னார் வாங்கினால் தவணைக்குப் பணம் வந்துவிடும் என்ற செய்தி பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடும். எனவேதான் கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் தாளும் அழைப்பிதழும், நயினியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் இரசாயனமும், துறைமுகத்தை நோக்கிய தெருக்களில் சுங்கம் முடித்துத் தரும் ஏஜெண்டுகளின் அலுவலகங்கள் என்று அமைந்தன. இது ஒருவர் வகுத்த திட்டம் அன்று. அதே வேளையில் தற்செயலும் அன்று.

கலைந்ததும் உண்டு. நகரக் காவல் அதிகாரியான கொத்தவாலின் பெயர் தாங்கிய கொத்தவால் சாவடியில் நூற்றாண்டுக்கு மேலாக நடந்த மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. புதிதாகச் சேர்ந்ததும் உண்டு: பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் பர்மா பஜார் ஏற்பட்டது. பவளக்காரத் தெருவிலிருந்து பர்மாவுக்குப் போன பணத்தின் கதையும், பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதையும் அரைக் கல் தொலைவுக்குள் அடங்கிவிட்டன.

பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டபடியால் மன்னிப்பை அவருடைய படத்தின் முன்புதான் கேட்க வேண்டும். எங்கள் தாய்வழியார் கோமட்டிச் செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர்கள். கல்வெட்டுப்பித்தன் ஐயா குறிப்பிட்ட பின்கட்டில் வாழ்ந்தவர்கள் என்றே கொள்ளலாம்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. கோட்டைக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று வீடுகளை இடித்தவர்கள், பேட்டைகளின் பாதுகாப்புக்கு ஏதும் செய்யவில்லையா? மேற்கே உள்ள வால்டாக்ஸ் சாலை மதில்வரியால் பெயர் பெற்றது என்கிறார்கள். மதில் எங்கே?

நிலஅளவையர் எழுதியது:

மதில் இருந்தது. 1767இலும் 1769இலும் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து போனது. காப்பில்லாத பேட்டைகள் அலறின. அதன் பிறகே, வடக்கும் மேற்கும் சூழ்ந்து நிற்கும்படி ஒரு மதிலை எழுப்பும் பணி பால் பென்பீல்டு என்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிந்தது. கிழக்கே கடல், தெற்கே கோட்டையின் பீரங்கி. ஆகவே அந்த இரு புறமும் சுவர் தேவைப்படவில்லை. செலவை மக்களிடமிருந்தே வரியாகத் தண்ட எண்ணினார்கள். மக்கள் கொடுக்கவில்லை, வரி வசூலாகவே இல்லை என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. வசூலாகாத வரியின் பெயரால் ஒரு சாலை இன்றும் அழைக்கப்படுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கவுனி என்றால் மதில் வாயில். யானைக்கவுனி என்று நீங்கள் நாள்தோறும் சொல்வது அந்த மதிலின் வாயில்களில் ஒன்றைத்தான். நகரம் பெருகியபோது 19ஆம் நூற்றாண்டில் மதிலைத் துண்டுதுண்டாக அகற்றிவிட்டார்கள். எஞ்சிய ஒரு துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையின் வடபுறம் இருக்கிறது. அதன் மேல் மண்ணிட்டு மரம் வளர்த்துப் பூங்காவாக்கியதால் அக்கம்பக்கத்தார் அதை மாடிப்பூங்கா என்கிறார்கள். மண்ணடி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மாலையில் செல்லாமல் காலையிலேயே சென்று, படியேறுவதற்கு முன் சுவரின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பாருங்கள்; மேலே நின்றால் பூங்கா மட்டும்தான் தெரியும், அதன் கீழே மதில் இருப்பது தெரியாது.